விட்ருவியஸ் கணக்கில் ஒரு ரோம அரங்கு: 1:200 அட்டை மாதிரி, இதுவரை

ரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் சொல்லும் அரங்கில் முக்கிய அளவுகளெல்லாம் ஒரே வட்டத்திலிருந்து, அதாவது இருக்கைகளுக்கும் மேடைக்கும் நடுவே உள்ள தரையின் வட்டத்திலிருந்து, பிறக்கின்றன. அதன் விட்டம் 100 ரோம அடி என்று எடுத்தாயிற்று. ஒரு ரோம அடி 29.6 செ.மீ.; மாதிரியில் விட்டம் 148 மி.மீ.

வட்டத்துக்குள் நான்கு சமபக்க முக்கோணங்களை 30 பாகை வீதம் திருப்பி வரைந்தால் விளிம்பில் 12 புள்ளிகள் விழும். ஒரு முக்கோணத்தின் அடிப்பக்கம் மேடையின் பின்சுவர். அதற்கு இணையாக மையம் வழியே போகும் கோடு மேடையின் முன்விளிம்பு. இடைவெளி 37 மி.மீ. பார்வையாளர் பக்கத்து ஏழு புள்ளிகள் படிக்கட்டுகளுக்கு. மற்ற ஐந்தில் நடுப்புள்ளி அரசவாசல், அதன் இருபுறமும் விருந்தினர் வாசல், கடைசி இரண்டும் பக்கவழி. முன்விளிம்புக் கோட்டின் இரு முனைகளும் புள்ளிகளில் சரியாக விழாவிட்டால் முக்கோணம் பிசகிவிட்டது என்று அர்த்தம். வெட்டத் தொடங்குமுன் திருத்திவிட வேண்டும்.

இருக்கை உயரம் ஒரு அடி நான்கு விரலுக்குக் (விரல் என்பது அடியில் 16-ல் ஒரு பங்கு) குறையாமல், ஒரு அடி ஆறு விரலுக்கு மிகாமல் இருக்க வேண்டும். நம் அளவில் 1.85 முதல் 2.03 மி.மீ.; கடையில் கிடைக்கும் 2 மி.மீ. சாம்பல் அட்டை அப்படியே பொருந்துகிறது! அகலம் 3.5 மி.மீ. ஒரு வரிசைக்கு ஒன்றாக அடுக்கும் அரைவளையங்களை 14 மி.மீ. அகலத்தில் வெட்டினால் மேலடுக்குக்கு அடியில் 10.5 மி.மீ. பிடிப்பு இருக்கும். வளையம் 1, 5, 9 மூன்றும் ஒரே அட்டையில் ஒன்றையொன்று ஒட்டியே வரும், அட்டை வீணாகாது.

தொல்லை பசையில்தான். மொத்தம் 40 அடுக்கு. ஒவ்வொன்றிலும் பசை 0.1 மி.மீ. ஏற்றினாலும் கடைசியில் 4 மி.மீ., அதாவது இரண்டு வரிசை உயரம் கூடிவிடும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை வளையத்தை நெளிய வைக்கும். பசையை மெல்லிசாக இழுத்துத் தடவி, நான்கு அடுக்குக்கு ஒருமுறை பாரம் வைத்துக் காயவிட்டு, உயரம் 8 மி.மீ. இருக்கிறதா என்று அளந்த பிறகே அடுத்ததற்குப் போகலாம்.

கீழிருந்து உச்சி வரை ஒரு நூலை இழுத்தால் எல்லா விளிம்பையும் அது தொட வேண்டும் என்பது விதி. வரிசைகளுக்கு நடுவே வளைந்து போகும் நடைவழியில்தான் பலரும் இதைக் கோட்டை விடுகிறார்கள். 12-வது வரிசையின் மட்டத்தை 10.5 மி.மீ. அகலமாக்கி, பின்னால் 6 மி.மீ. சுவர் எழுப்பினால் அதன் மேல்விளிம்பே 13-வது வரிசை, சரிவு மாறாது. இந்தச் சுவர் நடைவழியின் அகலத்தைவிட உயரமாகிவிட்டால் குரல் மேலே தெறித்து, மேல்வரிசைக்குச் சொற்கள் தெளிவாக எட்டாது என்கிறார் விட்ருவியஸ். 24-வது வரிசையிலும் இதேபோல் செய்ய, 36 வரிசையும் இரு சுவர்களின் கூடுதல் நான்கு அடுக்கும் சேர்ந்து 80 மி.மீ. உயரம் வருகிறது.

மேடை ஐந்தடிக்கு மேல் போகக்கூடாது, முன்னால் உட்காரும் செனட்டர்களுக்கு மறைக்கும், 7 மி.மீ. வைத்தது போதும். மேடையின் பின்சுவரில் பீடம் வட்டத்தின் விட்டத்தில் 12-ல் ஒரு பங்கு, தூண் கால் பங்கு (37 மி.மீ.), உத்தரம் தூணில் ஐந்தில் ஒரு பங்கு. மேல்தளத்தில் பீடம் கீழ்த்தளத்ததில் பாதி, தூண் முக்கால். இரண்டு தளமும் மேடையும் சேர்ந்து 103 மி.மீ. இருக்கை உச்சியில் வரும் தூண்மண்டபக் கூரையும் இதே மட்டத்தில் நிற்க வேண்டும். ஆக மண்டபத்துக்கு 23 மி.மீ. மிச்சம்.

கீழ்த்தூணுக்கு 4 மி.மீ., மேல்தூணுக்கு 3 மி.மீ. மூங்கில் குச்சி எடுத்திருக்கிறது. ஒட்டுமுன் வண்ணம் பூசிவிட வேண்டும். பிறகு தூணுக்குப் பின்னால் தூரிகை நுழையாது.