ப்ரோக்ஸெனோஸின் ஹெகெஸோ

ஏதென்ஸ் போகிறவர்கள் அக்ரோபோலிஸ் ஏறி, ஏதேனா கோயிலைப் பார்த்துவிட்டு, பெண்ணைத் தெய்வமாகக் கும்பிட்ட ஊர் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த ஊரில் பெண் எப்படி இருந்தாள் என்று பார்க்க, கீழே கெரமெய்கோஸ் இடுகாட்டுக்குப் போக வேண்டும். திஸ்ஸியோ நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். ஆனால் அங்கே நிற்கும், ஹெகெஸோ என்ற பெண்ணின் கல்லறைக்கல் நகல்தான். அசல் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விக்டோரியா நிலையத்தில் இறங்குங்கள். பலர் நகலோடு திரும்பிவிடுகிறார்கள்.

கல் கி.மு. 410–400 காலத்தது. ஹெகெஸோ நாற்காலியில் அமர்ந்திருக்க, பணிப்பெண் ஒரு பெட்டியை நீட்டுகிறாள். ஹெகெஸோவின் விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல் குவிந்திருக்கின்றன, நடுவே ஒன்றுமில்லை. நகை வண்ணத்தில் தீட்டப்பட்டிருந்தது, வண்ணம் உதிர்ந்துவிட்டது. மேலே ‘ஹெகெஸோ ப்ரோக்ஸெனோ’ என்று வெட்டியிருக்கிறது. ப்ரோக்ஸெனோஸுடைய ஹெகெஸோ என்று பொருள்.

‘உடைய’ என்பது வெறும் இலக்கணமில்லை. ஏதென்ஸில் பெண்ணுக்குத் தகப்பனோ கணவனோ ‘கீரியோஸ்’, அதாவது பொறுப்பாளி. ஒரு மெதிம்னோஸ் (ஏறக்குறைய 52 லிட்டர்) வாற்கோதுமை விலைக்கு மேல் அவளாக வாங்கவோ விற்கவோ சட்டம் விடவில்லை. சகோதரன் இருந்தால் தகப்பன் சொத்தில் பங்கில்லை, சீதனம் மட்டும். விவாகரத்தானால் அதைக் கணவன் திருப்பித் தர வேண்டும். தாமதித்தால் நம் ஊர்க் கணக்கில் ஒன்றரை வட்டி: 100 திராக்மாவுக்கு மாதம் 1.5.

இதையே ‘கிரேக்கப் பெண்களின் நிலை’ என்று எழுதிவிடக் கூடாது. கிரீட் தீவில் ஹெராக்லியோனுக்குத் தெற்கே சுமார் 45 கி.மீ. தொலைவில் கோர்த்தினா என்ற பழைய நகரம். மீரெஸ் போகும் பேருந்தில் போகலாம். ஓதெயோன் அரங்கின் பின்சுவரில் கி.மு. 5ஆம் நூற்றாண்டுச் சட்டம் 12 பத்திகளில் வெட்டப்பட்டுள்ளது. ஏர் உழுது திரும்புவதுபோல் ஒரு வரி வலமிருந்து இடம், அடுத்தது இடமிருந்து வலம். கம்பிக் கதவுக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். படமெடுக்க ஜூம் வேண்டும்.

அதன்படி நகர வீடும் கால்நடையும் மகன்களுக்கு. மிச்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. மணமுறிவில் மனைவி தன் சொத்தையும், அதன் விளைச்சலில் பாதியையும், தான் நெய்த துணியில் பாதியையும் எடுத்துப் போகலாம். தவறு கணவனுடையது என்றால் கூடவே 5 ஸ்டேட்டர் காசு. அதே நூற்றாண்டு, அதே மொழி, ஒரு கடல்தான் இடையில்.

புதிய காலம் அவ்வளவு வேகமாக வரவில்லை. கிரேக்க நாட்டில் 1930இல் எழுதப் படிக்கத் தெரிந்த, 30 வயது தாண்டிய பெண்களுக்கு உள்ளாட்சி வாக்கு. முழு வாக்குரிமை 1952இல். சீதனம் சட்டத்திலிருந்து நீங்கியது 1983இல்தான். திருமணத்துக்குப் பிறகும் பெண் பிறந்த குடும்பப் பெயரிலேயே தொடர்வாள் என்றதும் அந்தச் சட்டமே.

2020இல் நாட்டின் முதல் பெண் குடியரசுத் தலைவரானவர் கதெரினா சகெல்லாரொபுலு. ஆண் என்றால் சகெல்லாரொபுலோஸ். அந்த ‘லு’ இன்றும் ‘உடைய’ வேற்றுமைதான்.