மான் விலகியது, குதிரை விலகவில்லை

முழங்காலில் ஏறிய சீமைக் கருவேல முள் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. அது வருவதற்குள் எழுதிவிட வேண்டும், வலி போனால் கோபமும் போய்விடும். கோபம் முள்ளின் மேல் இல்லை, ஒரு குதிரையின் மேல். காட்டுக்குப் போய், அதுவும் குதிரைக்குப் பயந்து, முள்ளில் விழுந்தவன் என்று வீட்டில் ஏற்கெனவே பெயர் வாங்கியாகிவிட்டது.

இது கோடியக்கரைக்குப் போய்வந்த கதை. எப்படிப் போவது, எப்போது போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முடிந்தவரை சொல்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம். எங்களுக்குக் கிடைத்த சீட்டில் அடியில் போல்ட் கழன்றிருந்தது. வளைவு வரும்போதெல்லாம் பஸ் ஒரு பக்கம் போக, நாங்கள் சீட்டோடு மறுபக்கம் போனோம். கண்டக்டரிடம் சொன்னதற்கு, "கம்பியைப் பிடிச்சு உக்காருங்க தம்பி, இல்லன்னா சீட்டு கையோட வந்துடும்" என்றார். குறை கேட்கும் முகமாகவே தெரியவில்லை, அனுபவத்தைப் பகிர்ந்துகொள்கிற முகம். கூட வந்த நண்பன் கேமராப் பையை மடியில் குழந்தைபோல அணைத்தபடி வேதாரண்யம் வரை தூங்கவே இல்லை.

விடியற்காலையில் காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதால் இரவு வேதாரண்யத்திலேயே தங்கினோம். காலை 5 மணிக்கு ஆட்டோ. கோடியக்கரை அங்கிருந்து பத்துப் பதினொரு கிலோமீட்டர்தான். 600 ரூபாய் என்றார். பஸ் இல்லையா என்றால், "எட்டு மணி வரைக்கும் ஒண்ணும் கிடையாது சார்" என்று அடித்துச் சொன்னார். சரி என்று ஏறினோம். அகஸ்தியன்பள்ளி தாண்டுவதற்குள் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை முந்திப் போனது. உள்ளே நான்கு பேர். எல்லாருக்கும் ஜன்னல் சீட்டு. நான் டிரைவரின் முதுகைப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. "அது ஸ்பெஷல்" என்று மட்டும் சொன்னார். மொத்த பட்ஜெட்டே ஆளுக்கு 2,000 ரூபாய். அதில் 300 விடிவதற்கு முன்பே போய்விட்டது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆட்டோவில் போனதால்தான் உப்பளத்தை அந்த வெளிச்சத்தில் பார்த்தோம். சித்திரை என்றால் உப்புக்கு நல்ல பருவம். வெயில் ஏறுவதற்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்று ஆட்கள் அப்போதே பாத்தியில் இறங்கி உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து இந்த வெயிலில்தான் நடந்து வந்து இங்கே உப்பு அள்ளினார்கள். எங்களுக்கோ 600 ரூபாய் ஆட்டோவிலேயே முதுகு வலித்தது.

சித்திரையில் ஏன் போனாய் என்று போன இடமெல்லாம் கேட்டார்கள். "பூநாரை பாத்தீங்களா?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டது. பார்க்கவில்லை. வலசைப் பறவைகள் வருவது மழைக்காலத்தையும் குளிர்காலத்தையும் ஒட்டி. அப்போது கூட்டமும் அதிகம், அறை வாடகையும் அதிகம். கோடியக்கரை என்றாலே பறவை என்றாகிவிட்டது, 2002-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்ததும் சதுப்பு நிலம் என்ற கணக்கில்தான். ஆனால் 1967-ல் இதைச் சரணாலயமாக அறிவித்ததற்கு முக்கியக் காரணம் வெளிமான். நாங்கள் போனதும் அதற்காகத்தான். கோடையில் தண்ணீர் குறைந்து, இருக்கும் இடத்துக்கு எல்லா விலங்கும் வந்தாக வேண்டும். காடெல்லாம் தேடி அலைய வேண்டாம், தண்ணீர்ப் பக்கம் போனால் போதும். இது நான் சொல்லும் ஒரே உருப்படியான யோசனை.

செக்போஸ்ட்டில் பேர் எழுதிக் கட்டணம் கட்டியதும் வனத்துறை வாட்சர் அண்ணன் ஒருவர் கூட வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு கம்பு, காலில் ரப்பர் செருப்பு. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய என் ஷூவை ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

காடு என்றதும் வானத்தை மறைக்கிற மரங்களை நினைத்துக்கொண்டு போகக் கூடாது. இது வறண்ட பசுமைமாறாக் காடு. குட்டையான மரங்கள், கடல் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து, தலை சீவியதுபோல நிற்கும். பாதிக்குப் பாதி பாலை மரங்கள். பழக்காலம் வேறு. மஞ்சளாக, சுண்டுவிரல் நுனி அளவு. வாட்சர் அண்ணன் கீழே கிடந்ததில் நல்லதாக நான்கைப் பொறுக்கிக் கொடுத்தார். இனிப்பு என்றால் அப்படி ஒரு இனிப்பு. ஆனால் பழத்துக்குள் பால். நான்காவது பழத்தில் என் மேலுதடும் கீழுதடும் ஒட்டிக்கொண்டன. அடுத்த பத்து நிமிடம் நான் பேசவில்லை. பயணத்தின் மிகச் சிறந்த பகுதி அதுதான் என்று நண்பன் சொல்லித் திரிகிறான்.

வாய் ஒட்டியிருந்ததால்தானோ என்னவோ, நரியைப் பார்த்தோம். பாதையின் நடுவில், முப்பதடி தூரத்தில். நாங்கள் அதைப் பார்த்த மாதிரியே இல்லை, அது எங்களைப் பார்த்துவிட்டுப் போன மாதிரிதான் இருந்தது. அப்புறம் காட்டுப்பன்றிக் குடும்பம் ஒன்று. மண்ணை உழுதுபோட்டதுபோலக் கிளறிவிட்டு, எங்கள் வாடை பட்டதும் ஒரே உறுமல், குட்டிகள் வரிசையாகப் புதருக்குள். புள்ளிமான்கள் அதைவிட மோசம், தலையைத் தூக்கியது தெரியும்போதே வால்தான் தெரியும். எல்லாம் எங்களைக் கண்டு விலகின. எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட வந்துவிட்டது. காட்டில் நடக்கத் தெரிந்தவன் என்ற பெருமை.

அந்தப் பெருமையோடுதான் புல்வெளிக்கு வந்தோம்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு சாணக் குவியல். வெளிமான் கிடா தன் எல்லையைக் காட்ட ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போடும் என்று எனக்குத் தெரியும், நண்பனுக்கு விளக்கவும் ஆரம்பித்தேன். "தம்பி, அது குதிரைச் சாணி" என்றார் வாட்சர் அண்ணன். ஆண் குதிரைக்கும் அதே பழக்கம் உண்டாம். நண்பன் அதையும் படம் எடுத்துக்கொண்டான்.

கோடியக்கரைக் குதிரைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மட்டக்குதிரைகள். காட்டில் பிறந்து காட்டிலேயே சாகின்றன, லாடமும் கடிவாளமும் தெரியாது. ஆனால் காட்டு விலங்கு இல்லை. எப்போதோ யாரோ வளர்த்துக் கைவிட்டவற்றின் பேரன் பேத்திகள். அன்று பார்த்தது ஆறேழு பெண் குதிரைகள், இரண்டு குட்டிகள், ஓர் ஆண். செம்பட்டையும் அழுக்கு வெள்ளையுமாகப் பின்னால் கடல் வெளிச்சத்தோடு நின்றபோது, சும்மா சொல்லக் கூடாது, அழகு. நண்பன் மண்டியிட்டுவிட்டான்.

ஒரு குட்டி எங்களைப் பார்க்க ஆர்வமாக வந்தது. நாங்களும் ஆர்வமாக இரண்டடி வைத்தோம். இப்போது குட்டி எங்கள் இடப்பக்கம், தாய் வலப்பக்கம், நடுவில் நாங்கள். எங்கே நிற்கிறோம் என்று எனக்கு உறைப்பதற்குள் அந்த ஆண் குதிரை கூட்டத்தைவிட்டுத் தனியாக வந்தது. ஓடி வரவில்லை. நடந்து வந்தது. காது இரண்டும் பின்னால் மடிந்து தலையோடு ஒட்டியிருந்தது, கழுத்து தாழ்ந்திருந்தது. முன்காலால் மண்ணை ஒரு தட்டு.

மட்டக்குதிரை என்ற பெயர் பட்டணத்தில் இருந்து சொல்லும்போதுதான் மட்டம். பதினைந்தடியில் நின்று பார்த்தால் அது முழுக் குதிரை.

"ஓடாதீங்க. முதுகைக் காட்டாதீங்க. குட்டிக்கு வழி விட்டு அப்படியே பக்கவாட்டுல வாங்க." வாட்சர் அண்ணன் குரலை உயர்த்தவே இல்லை. நண்பன் சொன்னபடி செய்தான். நானும் சொன்னபடிதான் செய்தேன். பக்கவாட்டில் போனால் அங்கே சீமைக் கருவேலம் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. குட்டி தாயிடம் ஓடியது, குதிரை காதை நிமிர்த்தியது, நான் முள்ளுக்குள் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோபம் வந்தது அது முறைத்ததற்காக இல்லை. விஷயம் முடிந்த அடுத்த நொடி என்னை மறந்துவிட்டுப் புல் மேய ஆரம்பித்ததே, அதற்காக.

முள்ளைப் பிடுங்கியபடி கேட்டேன், மானெல்லாம் ஓடுகிறதே, இது மட்டும் ஏன் இப்படி என்று. "மானுக்கு நம்மளத் தெரியாது தம்பி, அதான் பயம். இதுக்கு நம்மளத் தெரியும்" என்றார். நாள் முழுக்க இதுவே காதில் ஓடியது.

அந்தச் சீமைக் கருவேலத்திலும் குதிரைக்குப் பங்கு உண்டு. அதன் நெற்றைத் தின்று, விதையைச் சாணியோடு போகிற இடமெல்லாம் போட்டுவிடுகிறது. சாணியில் விழுந்த விதை நன்றாக முளைக்கும். கருவேலம் பரவப் பரவப் புல்வெளி சுருங்கும். வெளிமான் பெயருக்கேற்றபடி வெட்டவெளியில் வாழ்கிற விலங்கு, எதிரியைத் தூரத்திலேயே பார்த்து ஓடித் தப்புவதுதான் அதன் பிழைப்பு. புதருக்குள் அதற்கு வேலை இல்லை. மிச்சமிருக்கும் புல்லிலும் போட்டி. மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. குதிரைக்கு மேலும் கீழும் உண்டு, புல்லை மண்ணோடு ஒட்டக் கத்தரித்துவிடும். உடம்பு பெரிது, தின்பதும் அதிகம். இதைத் தண்ணீர்த் தொட்டியில் கண்ணாலேயே பார்த்தோம். குதிரைகள் வந்து குடித்துக்கொண்டிருந்தன. கொஞ்சம் தள்ளி வெளிமான்கள் காத்திருந்தன. முறுக்குக் கொம்போடு கறுப்புக் கிடா ஒன்று, வெளிர்பழுப்பில் பெண் மான்கள். கால் மணி நேரத்துக்கு மேல். குதிரைகள் விரட்டவில்லை. இருந்தன, அவ்வளவுதான். கடைசிக் குதிரை நகர்ந்த பிறகுதான் முதல் மான் வந்தது.

குதிரைகளை இங்கிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்பார்கள், பாவம் இருந்துவிட்டுப் போகட்டும் என்பார்கள். இங்கே அவற்றைப் பார்க்கவே வருகிறவர்களும் உண்டு. முள் குத்தியவன் நடுநிலையாகப் பேச முடியாது. எனக்கு மான் பக்கம்தான்.

ஆனால் அன்று உண்மையாகவே குலை நடுங்கியது குதிரையால் இல்லை, நாயால். திரும்பும் வழியில் ஒரு பெண் மான் எங்கள் எதிரே உயர உயரத் துள்ளிக்கொண்டு வந்தது. என்ன துள்ளல் என்று வாயைப் பிளந்தோம். பின்னாலேயே நான்கு நாய்கள். ஊர் நாய்கள்தான், ஒன்றின் கழுத்தில் சாயம் போன கயிறுகூட இருந்தது. மானைத் தவறவிட்டதும் நான்கும் நின்று எங்களைப் பார்த்தன. குரைக்கவில்லை. குரைக்காத தெருநாயைப் பார்த்திருக்கிறீர்களா? பரவி நின்றன, இரண்டு எங்கள் பக்கவாட்டுக்கு வந்தன. வாட்சர் அண்ணன் அன்று முதல் தடவையாகக் கத்தினார். கம்பைத் தரையில் ஓங்கி அடித்துக்கொண்டு நேரே அவற்றை நோக்கிப் போனார். போய்விட்டன, ஆனால் எந்த அவசரமும் இல்லாமல். "நரி மானைத் தின்னா அது காட்டுக் கணக்கு. இது நம்ம ஊர்க் கணக்கு" என்றார். குதிரையிடம் பணிந்து ஒதுங்கச் சொன்ன மனிதர் நாயிடம் ஒதுங்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "ஒதுங்குனா பின்னாலயே வரும்" என்றார்.

காட்டுக்குள் இருக்கும் ராமர் பாதம் கோயிலில் குரங்கு நண்பனின் பிஸ்கட் பாக்கெட்டைப் பறித்தது. அதற்கு ஒரு வரி போதும்.

2018 கஜா புயலில் இந்தக் காடு பட்ட பாட்டை வாட்சர் அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தார். மானும் குதிரையும் சேர்ந்தே செத்துக் கிடந்தனவாம். முறிந்த மரங்கள் சில இன்னும் படுத்தவாக்கிலேயே தழைத்திருக்கின்றன.

சாப்பாட்டைச் சொல்லாமல் முடித்தால் பாவம் சேரும். மீனவர் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் சாப்பாடு. ஏப்ரல் 15-லிருந்து விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் நல்ல மீன் கிடைக்காது என்று பயந்துகொண்டே போனோம். ஃபைபர் படகில் கரையோரமாகப் போய் வந்தவர்கள் கொண்டுவந்த நண்டு, குழம்பில் இருந்தது. மிளகும் புளியும் சரியாகக் கூடிய குழம்பு. ஓட்டை உடைத்து உறிஞ்சுவதில் முழங்கால் முள் மறந்துபோனது. பரிமாறிய அக்கா மூன்றாவது தடவை சோறு வைத்தபோது விலையை நினைத்து எனக்கு வேர்த்தது. ஆளுக்கு 120 ரூபாய்தான் வாங்கினார். காலையில் எங்களை முந்திப் போன பஸ்ஸைப் பற்றிக் கேட்டேன். "தினமும் போகுமே" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில்தான் வந்தோம், ஜன்னல் சீட்டு. நண்பன் கேமராவைப் போட்டுப் பார்த்தான். குதிரை 212 படம். குதிரைச் சாணி மூன்று. நான் முள்ளுக்குள் உட்கார்ந்திருப்பது பதினொன்று. வெளிமான் ஒன்றே ஒன்று, அதிலும் பாதி உடம்புதான், பின்பாதி.

ஆட்டோ காசில் அவன் பங்கு 300 ரூபாய் இன்னும் வரவில்லை.