சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே ஒரு அத்தோ

"அண்ணே, ஒரு அத்தோ. காரம் கொஞ்சம் தூக்கலா."

அத்தோ என்றால் பர்மா நூடுல்ஸ் கலவை: ஆரஞ்சு நிற நூடுல்ஸ், மெலிசாகச் சீவிய கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, பூண்டு எண்ணெய். மேலே தட்டையை நொறுக்கிப் போட்டு, கையாலேயே ஒரு பிசை. கரண்டியால் கலந்தால் இந்த ருசி வராது, சத்தியமாக.

தொட்டுக்க இல்லை, குடிக்க: வாழைத்தண்டு சூப்.

1960-களில் பர்மாவில் கடை கண்ணியெல்லாம் அரசுடைமை ஆனபின், கட்டின துணியோடு கப்பலேறிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. 1969-ல் அவர்கள் கடை போட்ட பர்மா பஜார் இங்கே வந்தது. அந்தப் பக்கமே இதுவும் ஊன்றிவிட்டது.

இன்று என் பக்கத்தில் கறுப்புக் கோட்டோடு ஒரு வக்கீல். அவருக்குப் பக்கத்தில் மூட்டை தூக்குகிற அண்ணன். இருவருக்கும் வியர்த்துக் கொட்டுகிறது.

சென்னைச் சாப்பாடு என்று பட்டியல் போடுகிறவர்கள் இட்லி, பொங்கலோடு நிறுத்திவிடுகிறார்கள். பாரிமுனை தாண்டி வந்ததே இல்லை போல.