காட்டன்வுட் ஃபால்ஸ் நீதிமன்றம் அட்டையில்: கூரை, இரண்டாம் முறை

கூரையைப் பிய்த்துப் போட்டாயிற்று. நான்கு நாள் வேலை.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் காட்டன்வுட் ஃபால்ஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே நிற்கும் சேஸ் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) நீதிமன்றத்தைத்தான் 1:100 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். 1873இல் கட்டியது. அந்த மாநிலத்தில் இன்றும் புழக்கத்தில் உள்ள நீதிமன்றங்களில் இதுதான் மூத்தது. வரைந்தவர் ஜான் ஹாஸ்கெல். டொபீகாவின் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்திலும் அவர் கை உண்டு. கவுண்டிக்குப் பெயர் தந்த சால்மன் சேஸ் அமெரிக்கத் தலைமை நீதிபதியாக இருந்தவர். அவர் இறந்ததும் அதே 1873தான்.

கவுண்டி முழுக்க எண்ணினாலும் மூவாயிரம் பேர் தேறமாட்டார்கள். சுற்றிலும் புல்வெளி, மாடுகள். நடுவே மூன்றாம் நெப்போலியன் காலத்துப் பாரிஸ் மோஸ்தரில் ஒரு சிவப்புக் கூரை! அந்தப் பொருத்தமின்மைதான் என்னை இழுத்தது.

இந்த வகைக்கு மான்சார்ட் கூரை என்று பெயர். நம் ஓட்டுக்கூரை மாதிரி ஒரே சரிவாக இறங்காது. கீழ்ப்பகுதி ஏறக்குறைய சுவர் போலச் செங்குத்தாக ஏறி, உச்சியில் தட்டையாகிவிடும். அதனால் கூரைக்குள்ளேயே ஒரு மாடி கிடைக்கிறது. வெளிச்சத்துக்குச் சரிவிலேயே ஜன்னல்கள். முன்பக்கப் படத்தை வைத்துக் கணக்குப் போட்டதில் கூரை உயரம் 4 செ.மீ. வந்தது. சரிவு அட்டைகளையும் 4 செ.மீ.க்கே வெட்டிவிட்டேன். படத்தில் தெரிவது உயரம், சரிவின் நீளமில்லை. 1.5 செ.மீ. உள்ளே சாய்வதால் 4.27 வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ்தான், நேரத்துக்கு வரவில்லை. மூலைகளோ கச்சிதமாகச் சேர்ந்துவிட்டன, அதனால் சந்தேகமே எழவில்லை. ஃபெவிகால் காய்ந்து, கூரைமேல் கோபுரத்தை வைக்கப் போனபோதுதான் உள்ளே 4 செ.மீ. உயரத்துக்கு நட்டிருந்த முட்டு மூன்று மில்லிமீட்டர் தலையை நீட்டிக்கொண்டு நின்றது.

சுவரிலும் ஒரு கூத்து. ஊருக்கு அருகே வெட்டிய சுண்ணாம்புக்கல்லில் கட்டியது. அந்தப் பக்கத்தில் காட்டன்வுட் என்றே பெயர் பெற்ற கல்லடுக்கு ஒன்று உண்டு. ஏறக்குறைய முப்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலுயிர்களின் கூடுகள் கோதுமை மணி போல அதில் அப்பிக் கிடக்கும். அந்தச் சொரசொரப்பைக் கொண்டுவர, பெயின்டில் ரவையைக் கலந்தேன். அரை மி.மீ. ரவை நிஜ அளவில் ஐந்து செ.மீ. ஆகிறதே! வீட்டில் பார்த்தவர்கள் உப்புமா என்றார்கள். தேய்த்து எடுத்துவிட்டு, இப்போது வெறும் மங்கிய வெள்ளை.

புதுக் கூரையை ஒட்டப்போவதில்லை, கழற்றி வைக்கிற மூடியாகச் செய்திருக்கிறேன். உள்ளே கறுப்பு வால்நட் மரத்தில் சுழன்று மூன்றாம் தளம் வரை ஏறும் படிக்கட்டு இருக்கிறது. மூடிவிட்டால் அதை யார் பார்ப்பது? ஐஸ் குச்சிகளைச் சீவி, காபி டிகாக்‌ஷனில் மூன்று முறை ஊறவைத்தேன். நிறம் கிட்டத்தட்ட வந்துவிட்டது. பதினொரு படி ஒட்டியாயிற்று. கைப்பிடிக்கு ஈர்க்குச்சியை வளைத்தால் உடைகிறது. இன்று வெந்நீரில் போட்டு வைத்திருக்கிறேன்.