வாய்க்கால் சேற்றில் கிடைத்த தாடை

பவானிசாகரில் தண்ணீரை நிறுத்திக் கீழ்பவானி வாய்க்கால் வற்றும் நாட்களில், சில சமயம் மனித எலும்புகள் தென்படும். முகமும் விரல்ரேகையும் அதற்குள் அழிந்திருக்கும். பல் மட்டும் அப்படியே இருக்கும். மனித உடலில் பல்லின் மேலுறையான எனாமலைவிடக் கடினமானது எதுவும் இல்லை. பல் மருத்துவனான என்னைக் காவல்துறை பிணவறைக்கு அழைப்பது இந்த மாதிரி நேரங்களில்தான்.

தாடை மேசைக்கு வந்ததும் இல்லாத பற்களைத்தான் முதலில் பார்ப்பேன். உயிரோடு இருந்தபோது பிடுங்கிய பல்லின் குழி, சில மாதங்களில் எலும்பு வளர்ந்து மூடிப்போகும். இறந்தபின் உதிர்ந்த பல்லின் குழியோ விளிம்பு கூர்மையாக, ஆழமாகத் திறந்தே கிடக்கும். ஒற்றை வேர் உள்ள முன்பற்கள் இப்படி எளிதில் நழுவிவிடும். திறந்த குழியைக் கண்டால், உடல் கிடந்த இடத்துச் சேற்றை மறுபடியும் சலிக்கச் சொல்வேன். காவலர்கள் முகம் சுளித்தாலும் சலிப்பார்கள். பல முறை பல் கிடைத்திருக்கிறது.

வெற்றிலைக் கறை ஒரு பழக்கத்தைச் சொல்லும். பழுப்புத் திட்டுகள் இருந்தால், சேலம், தர்மபுரிப் பக்கம்போல ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்து வளர்ந்தவராக இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் தையல்காரர்களுக்கு முன்பல் நுனியில் சிறு பள்ளம் விழும். திருப்பூரில் உயிரோடு இருப்பவர்களிடமே இதைப் பார்க்கிறேன். இவையெல்லாம் தேடும் வட்டத்தைச் சுருக்கும், அவ்வளவுதான். பெயரைச் சொல்ல வேண்டுமானால் ஒப்பிட ஏதாவது வேண்டும்.

காணாமல் போன ஒரு முதியவரின் வீட்டார் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ரேஷன் கார்டு உறைக்குள் மடங்காமல் வைத்திருந்த, தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஓர் எக்ஸ்ரே பிலிம். கீழ்த்தாடையில் வலப்பக்க முதல் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தபோது எடுத்தது. எங்களுக்குக் கிடைத்த தாடையிலும் அதே பல்லில் உலோகக் கேப் இருந்தது. கேப் ஊரில் நூறு பேருக்கு இருக்கும். அதே கோணத்தில் புதிதாக ஓர் எக்ஸ்ரே எடுத்து, இரண்டையும் விளக்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பின்வேரில் அடைத்த மருந்து நுனியை எட்டாமல் சற்று முன்பே நின்றிருந்தது. முன்வேருக்குள் ஓடும் இரு நுண்குழாய்களில் ஒன்று கொக்கிபோல வளைந்திருந்தது. இரண்டு படங்களிலும் அதே நிறுத்தம், அதே வளைவு.

"எங்கள் அப்புச்சிதானுங்களா, டாக்டர்?" என்று மகள் வழிப் பேரன் கேட்டான். "ஆமாம் தம்பி" என்றேன். அறிக்கையை அன்றே எழுதினேன்.

அந்தப் பிலிமைக் காப்பாற்றியது குடும்பம்; சிகிச்சை நடந்த இடத்தில் ஒரு குறிப்பும் இல்லை. என்னை வருத்துவது இதுதான். விரல்ரேகை, டி.என்.ஏ. இரண்டோடும் பல்லைச் சமமாக வைத்து முதன்மை அடையாளமாக ஏற்கிறது சர்வதேசக் காவல் அமைப்பான இன்டர்போல். 2004 சுனாமிக்குப் பிறகு தாய்லாந்தில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் பலரை அடையாளம் கண்டது, அவரவர் ஊர்ப் பல் மருத்துவர்கள் எழுதிவைத்த பதிவுகளால். அத்தகைய பதிவுகள் குறைவாக இருந்த உள்ளூர் மக்களுக்கு அந்த வழி அவ்வளவாக உதவவில்லை. நம் ஊரில் ஒரு பெரும் விபத்து நேர்ந்தாலும் அதே நிலைதான்.

குற்றவாளி கடித்ததால் தோலில் பதியும் கடித்தடத்தைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கில் அந்தச் சான்றை உச்ச நீதிமன்றம் 2017-ல் ஏற்றது. ஆனால் அமெரிக்காவில் ரே குரோன் என்பவர் கடித்தடச் சாட்சியத்தால் 1992-ல் தண்டிக்கப்பட்டு, டி.என்.ஏ. சோதனையால் 2002-ல் விடுதலையானார். தோல் இழுபடும், வீங்கும். அதில் பதிந்த தடத்தை மட்டும் நம்பி ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல நான் தயாரில்லை. தடத்தைக் கழுவும் முன் டி.என்.ஏ. சோதனைக்கு எச்சில் மாதிரியை எடுங்கள் என்றே விசாரணை அதிகாரிகளிடம் சொல்கிறேன்.

சக மருத்துவர்களிடம் நான் கேட்பது: நோயாளி முதன்முறை வரும்போதே 32 பற்களின் நிலையையும் குறித்து, ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள். எனக்குப் பழக்கமான ஈரோட்டு லேப் ஒன்றில், கேட்டால் பல்செட்டின் உட்புறம் பெயர் எழுதிய சீட்டை வைத்து, மேலே நிறமற்ற அக்ரிலிக் பூசித் தருகிறார்கள். அதற்குக் கூடுதலாகச் சில நிமிடங்கள்தான் ஆகின்றன.