மார்ட்டின்ஸ்பர்க் 1877: இரண்டு சரக்கு வேகன்களும் ஒரு பாயின்ட்டும்

மாதிரி ரயில் செய்பவர்கள் பெரும்பாலும் எஞ்சினில்தான் ஆரம்பிப்பார்கள். எனக்கு எஞ்சின் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். பால்டிமோர் அண்டு ஓஹையோ ரயில்பாதையில் 1870களில் வேலை பார்த்தவர்களின் உடம்பு எங்கே நின்றது, கை எங்கே போனது என்பதைச் செய்து பார்க்க ஆசை. அதற்கு இரண்டு மூடு வேகன்கள், அவற்றுக்கு நடுவிலுள்ள இடைவெளி, ஒரு பாயின்ட் (வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் அமைப்பு), ஐந்தடி நீளத் தண்டவாளம் இருந்தால் போதும். ஊர், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க். காலம், 1877 ஜூலை. அந்த மாதம் அங்கே தொடங்கிய வேலைநிறுத்தம் பிட்ஸ்பர்க், சிகாகோ, செயின்ட் லூயிஸ் வரை பரவியது.

அளவு 1:24 என்று வைத்துக்கொண்டேன். ஓர் அடிக்கு அரை அங்குலம் என்பதால் கணக்குப் போடுவது சுலபம். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 1:87 அளவில், வேகன்களை இணைக்கும் கப்ளிங் வளையம் மிளகளவுக்குச் சுருங்கிவிடும். நான் செய்து பார்க்க விரும்பியதே அந்த வளையத்தைத்தான். அக்காலத்து மூடு வேகன் பொதுவாக 28 அடி நீளம், பத்து டன் சுமை. என் மேசையில் அது 14 அங்குலம். தண்டவாள அகலம் ஏறத்தாழ 60 மில்லிமீட்டர். சுவர்ப் பலகைகளுக்கு ஐஸ் குச்சி, அடித்தளத்துக்கு மெல்லிய பிளைவுட், ஒட்டுவதற்கு ஃபெவிகால். 33 அங்குலச் சக்கரம் 35 மில்லிமீட்டராகும். அதைக் கையால் செய்ய முடியாது என்பதால் ஒரு லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து வாங்கினேன். கடைந்துகொடுத்தவர், "இது எந்த ஊர் வண்டி சார்? கூரை மேல் ஸ்டியரிங் வைத்திருக்கிறீர்களே?" என்றார். அது ஸ்டியரிங் அல்ல, பிரேக். அதற்குப் பிறகு வருகிறேன்.

வளையமும் முளையும்

அந்தக் காலத்து அமெரிக்க வேகன்களை இணைத்தது ஓர் இரும்பு வளையமும் ஒரு முளையும்தான். வேகனின் இரு முனையிலும் வாய் திறந்த ஒரு வார்ப்பிரும்புக் கூடு. ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள வளையத்தின் ஒரு பாதி ஒரு கூட்டுக்குள், மறுபாதி எதிர்க் கூட்டுக்குள். மேலிருந்து முளையை இறக்கினால் பூட்டிக்கொள்ளும். வளையத்துக்குக் கட்டடக் கம்பி கட்டும் கட்டுக்கம்பி மிகச் சரியாகப் பொருந்தியது. கனமும் சரி, கருத்த நிறமும் சரி. முளைக்கு ஆணி. கூட்டுக்குப் பித்தளைக் குழாயை நசுக்கி, துளையிட்டு, உப்புத்தாளால் தேய்த்துக் கறுப்பு அடித்தேன்.

பார்க்க அழகாக வந்தது. பூட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வளையம் தானாக நேராக நிற்காது, தொங்கும். எதிர் வேகன் வரும் நேரத்தில் யாராவது அதைத் தூக்கிப் பிடித்து, எதிர்க் கூட்டின் வாய்க்குள் நுழைத்து, அந்த நொடியே கையை இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த யாராவதுதான் பிரேக்மேன். அவர் நிற்கும் இடம் இரண்டு வேகன்களுக்கும் நடுவே, தண்டவாளத்துக்குள்.

அக்காள் மகளை எஞ்சின் டிரைவராக நியமித்தேன். வேகனைத் தள்ளுவது அவள் வேலை. வளையத்தைப் பிடிப்பது என் வேலை, விரலுக்குப் பதில் ஓர் இடுக்கியால். நடுவே ஓர் அட்டையை நிறுத்தி, என் கை அவளுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டேன், ஏனென்றால் உண்மையான டிரைவருக்கும் பிரேக்மேனின் கை தெரியாது. விளக்கசைப்போ கையசைப்போதான் தெரியும். "தள்ளட்டுமா மாமா?" என்று கேட்டுக்கொண்டே தள்ளிவிட்டாள். இடுக்கியின் முனை கூட்டில் மாட்டிக்கொண்டது. அடுத்து, கையை உள்ளே விடாமல் ஒரு குச்சியால் வளையத்தை நிமிர்த்திப் பார்த்தேன். முடிகிறது, ஆனால் வளையம் வழுக்கி விழுந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் வேகனைப் பின்னுக்கு இழுத்து மறுபடி தள்ள வேண்டியிருக்கிறது. விரலுக்குப் பதிலான இடுக்கியால் பிடித்தால் உடனே முடிந்துவிடும்.

இந்த வித்தியாசத்தில்தான் அக்காலத் தொழிலாளர் உறவு முழுவதும் அடங்கியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கையை உள்ளே விடாதே, குச்சியைப் பயன்படுத்து என்று விதிப் புத்தகத்தில் அச்சிட்ட கம்பெனிகள் உண்டு. குச்சியால் செய்தால் யார்டில் வண்டி நேரத்துக்குக் கிளம்பாது. நேரத்துக்குக் கிளம்பாவிட்டால் வேலை போகும். கையால் செய்து விரல் போனால், நீ விதியை மீறினாய் என்று சொல்லக் கம்பெனியிடம் அச்சிட்ட தாள் தயாராக இருக்கும். விரல் இல்லாத ஆள் வேலை கேட்டு வந்தால், அனுபவசாலி என்று மேஸ்திரி புரிந்துகொள்வார் என்பது அந்தத் தொழிலில் வழங்கிய பேச்சு. வெவ்வேறு கம்பெனி வேகன்களின் கூடுகள் வெவ்வேறு உயரத்தில் இருந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைப் பார்ப்பதற்காகவே இரண்டாவது வேகனை மூன்று மில்லிமீட்டர் தாழ்த்திக் கட்டினேன். வளையம் உள்ளே போக மறுக்கிறது. நடுவில் வளைத்த தனி வளையம் செய்ய வேண்டியதாயிற்று. உண்மையிலும் அப்படித்தான் செய்தார்கள்.

தானாகப் பூட்டிக்கொள்ளும் கப்ளருக்கு ஈலை ஜேனி 1873இல் காப்புரிமை பெற்றுவிட்டார். சரக்கு வேகன்களுக்கு அது கட்டாயமானது 1893ஆம் ஆண்டுச் சட்டத்தால்; அதுவும் கால நீட்டிப்புப் பெற்று 1900இல்தான் முழுதாக அமலுக்கு வந்தது. இடையில் 1889 ஜூனோடு முடிந்த ஓராண்டில் மட்டும் அமெரிக்க ரயில்பாதைகளில் ஏறத்தாழ 2,000 ஊழியர்கள் இறந்தார்கள், 20,000 பேர் காயமடைந்தார்கள். எல்லாமே கப்ளிங்கில் அல்ல. ஆனாலும் பெரும் பங்கு அதற்கும் கூரைக்கும் உண்டு. இன்று நம் ஊர் ரயில்களில் இருக்கும் சென்டர் பஃபர் கப்ளர் ஜேனியின் வம்சம்தான்.

கூரை

லேத் பட்டறைக்காரர் கேட்ட சக்கரம் கூரையின் ஓரத்தில் நிற்கும். நகை செய்யும் பொருட்கள் விற்கும் கடையில் வாங்கிய பித்தளை வளையத்துக்குள் கம்பியால் ஆரங்கள் வைத்துப் பற்றவைத்தேன். டிரைவர் விசில் அடித்ததும் பிரேக்மேன் கூரை மேல் ஓடி, இந்தச் சக்கரத்தை முறுக்கி, அடுத்த வேகனுக்குத் தாவி, அதையும் முறுக்க வேண்டும். முறுக்குவதற்கு ஒரு தடி. ஓடுவதற்குக் கூரை நடுவே போட்ட பலகைகள். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. வெஸ்டிங்ஹவுஸின் காற்று பிரேக் 1869இலேயே வந்து பயணிகள் ரயில்களில் ஏறிவிட்டது. சரக்குக்கு அந்தச் செலவு வேண்டாம், ஆள் இருக்கிறானே என்று விட்டுவிட்டார்கள்.

70 மில்லிமீட்டர் உயர மர பொம்மை ஒன்றைச் செதுக்கிக் கூரைப் பலகையில் நிறுத்தி, முதல் வேகனை மெதுவாக இழுத்தேன். வளையத்துக்கும் முளைக்கும் நடுவிலிருந்த தளர்ச்சி தீர்ந்ததும் பின் வேகன் வெடுக்கென்று இழுபட்டது, பொம்மை மல்லாந்துவிட்டது. இதைப் பெரிய சான்றாகச் சொல்ல மாட்டேன். அளவைச் சுருக்கினால் விசைகள் அதே விகிதத்தில் சுருங்குவதில்லை. அந்தப் பொம்மைக்கு முழங்காலும் இல்லை. ஆனால் இருபது, முப்பது வேகன்களின் தளர்ச்சி ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவருவதைக் காலடியில் உணர்ந்தபடி, பனி உறைந்த பலகையில் இரவில் ஒருவர் ஓடினார் என்பது பொம்மை விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பாயின்ட்

மிகவும் பிடித்த வேலை இதுதான். கூர்முனைத் தண்டவாளம் கொண்ட இன்றைய பாயின்ட்டைச் செய்வது கடினம். அக்கால அமெரிக்காவில் பரவலாக இருந்தது வேறு வகை: தண்டவாளத்தின் வெட்டிய முனைகளே பக்கவாட்டில் நகர்ந்து ஏதாவது ஒரு பாதையின் முனைக்கு நேராக நிற்கும். பித்தளைப் பட்டைகளை ஒரு குறுக்குக் கம்பியால் இணைத்து நெம்புகோல் வைத்தாயிற்று. சரியாக நிறுத்தினால் வேகன் போகிறது. தவறாக நின்றிருக்கும்போது கிளைப்பாதைப் பக்கமிருந்து தள்ளினால், தண்டவாளம் முடிந்த இடத்தில் சக்கரம் கட்டைகள் மேல் இறங்கிவிடுகிறது. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு நெம்புகோல். எதிர்ப்பக்கம் வருபவரின் உயிர் அதில்.

நிக்கலஸ் ஃபார்வெல் அப்படி வந்தவர். பாஸ்டன் அண்டு வூஸ்டர் ரயில்பாதையில் எஞ்சின் டிரைவர். 1837இல் பாயின்ட்ஸ்மேன் ஒருவர் பாயின்ட்டைத் தவறாக விட்டிருந்ததால் எஞ்சின் கவிழ்ந்து, இவருடைய வலது கை நசுங்கிப் போயிற்று. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். 1842இல் மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதி லெமுவெல் ஷா தீர்ப்பளித்தார்: சக ஊழியரின் கவனக்குறைவுக்கு முதலாளி பொறுப்பில்லை; ஃபார்வெல் நாளுக்கு இரண்டு டாலர் வாங்கினார், அது மெக்கானிக் கூலியைவிட அதிகம், அந்த அதிகப்படிக்குள் ஆபத்தின் விலையும் அடங்கிவிட்டது. ஊழியர்கள் ஒருவரையொருவர் கண்காணித்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் வேலையை விட்டுப் போகலாம் என்பது அந்தத் தர்க்கம். மைல் கணக்கில் தள்ளி நிற்கும் பாயின்ட்ஸ்மேனை ஓடும் எஞ்சினிலிருந்து ஒருவர் எப்படிக் கண்காணிப்பார் என்று, நெம்புகோலுக்கும் வேகனுக்கும் நடுவே என் ஐந்தடி மேசையிலேயே ஓடிப் பார்த்தவனாகக் கேட்கிறேன். ஆனால் அமெரிக்க நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகள் இந்தத் தீர்ப்பைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன.

மார்ட்டின்ஸ்பர்க்கிலும் முதல் துப்பாக்கிச் சூடு ஒரு பாயின்ட் அருகில்தான். ஜூலை 16 அன்று கூலிக் குறைப்பு அமலுக்கு வந்தது. மாடு ஏற்றிய ரயில் ஒன்றை எடுக்க ஊழியர்கள் மறுத்தார்கள். ஃபயர்மேன்கள், அதாவது எஞ்சினில் கரி போடுபவர்கள், எஞ்சின்களைக் கழற்றி லோகோ ஷெட்டுக்குள் விட்டார்கள். மறுநாள் ஆளுநர் ஹென்றி மேத்யூஸின் மிலிஷியா (மாநிலக் குடிமக்கள் படை) காவலோடு ஒரு ரயில் கிளம்பியது. வில்லியம் வான்டர்கிரிஃப் என்ற வேலைநிறுத்தக்காரர் அதைத் தடுக்கப் பாயின்ட்டைத் திருப்பினார். ஜான் பாய்சல் என்ற மிலிஷியா வீரர் இறங்கி அதைப் பழையபடி திருப்பப் போனார். இருபுறமும் சுட்டார்கள். பாய்சலுக்குக் காயம், வான்டர்கிரிஃப் சில நாட்களில் இறந்துபோனார். மிலிஷியாவில் இருந்தவர்கள் பலரும் உள்ளூர்க்காரர்கள், வேலைநிறுத்தக்காரர்களின் அக்கம்பக்கத்தார். அதற்குமேல் அவர்கள் முனையவில்லை. அதனால்தான் ஆளுநர் ஜனாதிபதி ஹேய்ஸிடம் மத்தியப் படை கேட்டார், படை வந்தது, துப்பாக்கிக் காவலில் சரக்கு ரயில் ஓடியது. ஜூலை 21 அன்று பிட்ஸ்பர்க்கில் நடந்தது இதைவிடக் கொடியது. அங்கே பென்சில்வேனியா ரயில்பாதை இரட்டை எஞ்சின் போட்டு இரட்டை நீள ரயில்களை ஒரே ஊழியர் குழுவோடு ஓட்ட உத்தரவு போட்டிருந்தது. துப்பாக்கிச் சூட்டில் இருபது பேருக்குக் குறையாமல் செத்தார்கள். அன்றிரவு எரிந்த தீயில் 104 எஞ்சின்கள் நாசமாயின.

என் நெம்புகோல் பக்கத்தில் இரண்டு பொம்மைகளை வைப்பதாக இருக்கிறேன். துப்பாக்கி வைக்கப் போவதில்லை. பாயின்ட் பாதி நகர்ந்த நிலையில் நிற்கும்.

கூலிப் பதிவேடு

யார்டு அலுவலகச் சுவரில் ஒட்ட ஒரு சின்ன அறிவிப்பு எழுதினேன். முதல்தர ஃபயர்மேனின் நாள்கூலி 1.75 டாலரிலிருந்து 1.58 டாலர், இரண்டாம் தரத்துக்கு 1.50லிருந்து 1.35. நாளுக்கு ஒரு டாலருக்கு மேல் வாங்கும் எல்லோருக்கும் 10 சதவீத வெட்டு. எழுத்து அரை மில்லிமீட்டர். பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது.

இந்தத் தொகை மட்டும் கதையல்ல. 1873 நிதி நெருக்கடிக்குப் பிறகு கூலி ஏற்கனவே வெட்டப்பட்டிருந்தது. ஓடிய நாளுக்குத்தான் காசு. வெளியூரில் திரும்பும் ரயிலுக்காகக் காத்திருக்கும் நேரத்துக்குக் கிடையாது. அங்கே சாப்பாடும் தங்கலும் சொந்தச் செலவு. வாரத்தில் நான்கு நாள் வேலை கிடைத்தால் பெரிது. அதே காலத்தில் ஜான் கேரட் தலைமையிலான பால்டிமோர் அண்டு ஓஹையோ கம்பெனி பங்குதாரர்களுக்கு 10 சதவீத ஈவுத்தொகை கொடுத்தது. வெட்டும் பத்து, ஈவும் பத்து. வேலைநிறுத்தம் தோற்றது, கூலி வெட்டு அப்படியே நிலைத்தது. 1880இல் அதே கம்பெனி ஊழியர் உதவிச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, ஊழியர்களின் கூலியில் பிடித்த பணத்தையும் சேர்த்துக் காயத்துக்கும் மரணத்துக்கும் உதவி தந்தது. நல்லதுதான், ஆனால் ஊழியரின் காசில் நடக்கும் உதவியைக் கம்பெனியின் கருணை என்று எழுத என் பேனா ஓடவில்லை.

இன்னும் பாக்கி: கூரைக்குப் புகைக் கறை, அடுப்புக்கரித் தூள் தூவிய நிலம், 1866இல் கட்டிய வட்ட லோகோ ஷெட்டின் ஒரு சுவர். ஷெட்டுக்கு இடமும் பணமும் கைக்கு மீறியவை, அதனால் பின்னணியில் அட்டையாக மட்டும் நிற்கும். அதற்கு முன் ஒரு கபூஸ், அதாவது ரயிலின் கடைசியில் ஓடும் ஊழியர் வண்டி. 1883இல் நியூயார்க் மாநிலத்தின் ஒனியான்டாவில், டெலவேர் அண்டு ஹட்சன் ரயில்பாதையின் கபூஸ் ஒன்றுக்குள் உட்கார்ந்துதான் பிரேக்மேன்கள் தங்கள் சகோதரத்துவச் சங்கத்தைத் தொடங்கினார்கள். காப்பீட்டுக் கம்பெனிகள் சீந்தாத அந்தத் தொழிலுக்கு, அவர்களே பணம் போட்டு விதவைகளுக்குக் கொடுக்கும் ஏற்பாடு. சிவப்புப் பெயின்ட் வாங்கிவிட்டேன். பலகை அறுப்பது அடுத்த வாரம். உள்ளே பெஞ்சு தெரிய வேண்டும் என்பதால் கூரையைக் கழற்றி மாட்டும்படி செய்யப் போகிறேன். 1880களின் கபூஸ் உட்புறப் படங்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் இருந்தால், அடுப்பு எந்த மூலையில் நின்றது என்று சொல்லுங்கள்.