வாலில் உட்கார்ந்திருந்தவர்

அந்தக்கால விமானிகளா, இன்றைய விமானிகளா, யாருக்குத் துணிச்சல் அதிகம் என்று கேட்டால், என் மனம் இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களிடம்தான் போகிறது.

பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573. ஒரு பணிச்சுற்றை முடிக்க 30 முறை குண்டுவீசப் பறக்க வேண்டும். காலை உணவின்போது, திரும்பி வராதவர்களின் காலி நாற்காலிகளைப் பார்த்தவர்கள்தான் மறுபடியும் ஏறினார்கள்.

வால்பகுதித் துப்பாக்கி வீரரை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. விமானத்தின் வால் நுனியில் உள்ள சிறு கூண்டில், உறைய வைக்கும் குளிரில், தன்னந்தனியாக, பின்னோக்கிப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார வேண்டும். கூண்டுக்குள் இடமில்லாததால் பாராசூட் பெரும்பாலும் அவர் முதுகுக்குப் பின்னால், விமானத்தின் உடற்பகுதியில் இருக்கும். தீப்பிடித்தால் கதவைத் திறந்து, அதை எடுத்து மாட்டி, பிறகு குதிக்க வேண்டும். விமானியோ மற்ற ஆறு பேரும் வெளியேறும்வரை விமானத்தை நிலையாகப் பிடித்திருக்க வேண்டும். அப்படிப் பிடித்தபடியே செத்தவர்கள் பலர்.

இன்றைய போர் விமானி ஒரு பிடியை இழுத்தால் இருக்கையோடு வெளியே வீசப்படுகிறார். உடலை அழுத்தும் ஒன்பது மடங்கு ஈர்ப்பு விசை, துரத்தும் ஏவுகணை, நள்ளிரவில் கப்பல் தளத்தில் இறங்குவது எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி சாவு என்ற நிலையில் திரும்பத் திரும்ப ஏறிய துணிச்சலுக்கு நிகராக வேறொன்றை என்னால் வைக்க முடியவில்லை.

இந்த விமானங்கள் குண்டுவீசிய ஜெர்மன் நகரங்களான ஹாம்பர்க்கிலும் டிரெஸ்டனிலும் எரிந்த மக்களை நினைத்து மனம் கனக்கிறது, உண்மை. ஆனால் நகரங்கள்மீது குண்டுவீசும் முடிவை எடுத்தவர்கள் இந்த இளைஞர்கள் அல்ல. இவர்களுக்கு லண்டனில் நினைவுச்சின்னம் எழுந்தது 2012-இல்தான். அவ்வளவு காலம் காக்க வைத்தது பெரிய அநியாயம்.